லட்சம் கட்டிக் காகிதம் மடிக்கவா? ஆமாம், அதற்குத்தான்!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டாம். சண்டை போடுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டு வந்து போடுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "லட்சக்கணக்குல கட்டி, புள்ளைய ஹாஸ்டல்ல விட்டு, காகிதம் மடிக்கவும் களிமண்ணு உருட்டவுமா அனுப்புனோம்? இதத்தான் எல்கேஜிலயே சொல்லிக் குடுத்தாங்களே!" கேட்டவர் என் தங்கை மகன். அவர் மகள் வெளியூரில் ஒரு டிசைன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். முப்பரிமாண வடிவமைப்பின் அடிப்படைகள் என்று அவளுக்கு ஒரு பாடம். பருவம் முழுக்கக் காகிதம், கம்பி, களிமண், பிளாஸ்டர். அந்தப் பாடத்தில் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லையாம். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டாமல் நிறுத்தி, ஆறு மாத அனிமேஷன் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. குழுவில் பலர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் ஓவிய வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள்.

குழுவில் நான்கு வரியில் பதில் சொல்கிற விஷயமில்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் பதில் இதுதான்: காகிதம் மடிக்கத்தான் அனுப்பினீர்கள். அதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கிற கல்லூரி என்றால் நீங்கள் கட்டிய பணம் வீண் போகவில்லை. அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேரே திரைக்குப் போகச் சொல்கிறவர்கள்தான் உங்கள் பணத்தை வீணாக்குகிறவர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் வெள்ளைத்தாள் ஒன்றை எடுங்கள். இரண்டு டம்ளரை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, நடுவில் தாளைப் பாலம் போலப் போடுங்கள். தொய்ந்து விழும். அதே தாளை விசிறி மடிப்பாக, விரற்கடை அகலத்தில் நெருக்கமாக மடித்து மறுபடி வையுங்கள். நிற்கும். மேலே இன்னொரு டம்ளரை வைத்தாலும் தாங்கும். தாள் தடிமனாகவில்லை, நீங்கள் பசை தடவவில்லை, கம்பி செருகவில்லை. வடிவம் மாறியது, வலு வந்தது. பொருளில் இல்லாத பலத்தை வடிவம் கொடுக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையில் தெரிந்துகொள்வது வேறு.

நம்மைச் சுற்றி இந்தப் பாடம் கொட்டிக் கிடக்கிறது. பனை ஓலையை யாரும் மடிக்கவில்லை, அது மடிந்தேதான் விரிகிறது. அவ்வளவு அகலமான இலை கடற்காற்றில் விறைப்பாக நிற்பதற்கு அந்த மடிப்புதான் காரணம். அதைத் தாங்கும் மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். தகரக் கூரைக்கு அலை மடிப்பு எதற்கு? கிளிஞ்சலில் வரிவரியாக மேடு எதற்கு? கிளிஞ்சல்மேடு என்றே ஓர் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இதைக் கேட்டதே இல்லை.

இதைக் கல்லூரிப் பாடமாக ஆக்கியது நேற்று வந்த தனியார் கல்லூரி இல்லை. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கே சேருகிற எவரும், ஓவியராக வந்தாலும் தச்சராக வந்தாலும், முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதை முதலில் நடத்தியவர் யோகன்னஸ் இட்டன். பள்ளி டெசாவ் நகருக்கு மாறியபின் அதே பயிற்சியை நடத்திய யோசப் ஆல்பர்ஸ், ஒரு நாள் வகுப்புக்குப் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து கொடுத்து, வீணாக்காமல் இதில் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, முகமூடி, விமானம் எனக் கடைபரப்பியிருந்தார்கள். இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே, காகிதம் எதற்கு என்று கேட்டார். ஒருவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆல்பர்ஸ் பாராட்டியது அதைத்தான். படுத்தே கிடக்கிற தாளை அந்த ஒரு மடிப்பு நிமிர்த்திவிட்டது. அந்தப் பள்ளி 1933இல் மூடப்பட்டது. அங்கே உருவான அடிப்படைப் பயிற்சி உலகெங்கும் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரிகளின் முதலாண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நம் பேத்தி மடிக்கிற காகிதம் அந்த வழியில் வந்தது.

சரி, அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறாள்? எழுத்துப் படிக்கிறாள். முப்பரிமாணத்துக்கும் அகர வரிசை உண்டு.

கம்பியை வளைக்கும்போது கோட்டைப் படிக்கிறாள். நம் வீட்டுப் பெண்களுக்குக் கோடு புதிதில்லை. புள்ளி வைத்துக் கோலம் போட்ட கை அது. ஆனால் வாசலில் படுத்திருக்கும் கோட்டுக்கு விழுகிற கவலை இல்லை. எழுந்து நின்ற கோட்டுக்குக் காலும் வேண்டும், சமநிலையும் வேண்டும். காகிதத்தில் தளத்தைப் படிக்கிறாள், அதை இப்போதுதான் பார்த்தோம்.

களிமண்ணில் கனத்தைப் படிக்கிறாள். டெல்டா கிராமங்களில் அய்யனார் கோயில் மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். தூண் மாதிரி பருத்த கால்கள், பெரிய உடம்பு. குதிரையின் கால் அப்படியா இருக்கும் என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. வேளாருக்குக் குதிரைக்கால் தெரியாமல் இல்லை. ஈர மண் அத்தனை கனத்தைத் தாங்க வேண்டுமே. அதனால் காலைக் குழாய் போல எழுப்பி, கொஞ்சம் இறுக விட்டு, அதன்மேல் உடம்பை ஏற்றுகிறார். உள்ளே முழுக்கக் கூடு. கெட்டியாகச் செய்தால் சூளையில் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். மண்ணோடு மணலும் உமியும் சேர்ப்பதும் அதற்காகத்தான். பொருள், எடை, நெருப்பு மூன்றும் சேர்ந்து அந்த வடிவத்தை முடிவு செய்கின்றன. அழகு கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை, தொடக்கத்திலிருந்தே கூட வருகிறது.

பிளாஸ்டர் வார்க்கும்போது வெற்றிடத்தைப் படிக்கிறாள். இதுதான் இருப்பதிலேயே கடினமான எழுத்து. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தைச் செய்கிறார்கள். மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் சிலை எங்கே இருக்கிறது? மண்ணுக்குள் காலி இடமாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். இத்தனைக்கும் முன்னால் அந்த ஸ்தபதி செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலைக் கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று அளவு குறிப்பது. அவரைப் பார்த்து, "ஓலை மடிக்கவா வந்தீர்?" என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடிக்கிறோம். அந்தக் காரைக்கால் அம்மையாரின் சோழர் காலத்து வெண்கல உருவம் ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தையாவது தேடிப் பாருங்கள். தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் மெலிந்த உடம்பு. எலும்பும் தோலுமான பேய் வடிவத்தை உலோகத்தில் எப்படிக் காட்டுவது? உலோகத்தைக் குறைத்துத்தான். மடித்த கைகளுக்கும் உடம்புக்கும் நடுவில் விட்ட இடைவெளிகளை மூடிப்பாருங்கள், அம்மையார் காணாமல் போய்விடுவார். அந்த வெற்றிடத்தைத் திட்டமிட்டவர் முதல் நாளே சிலை வார்க்க உட்கார்ந்திருப்பாரா?

என் வகுப்பு அனுபவம் ஒன்றும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் பார் சோப்பைக் கொடுத்து மீன் செதுக்கச் சொல்வேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். சோப்பின் முன்பக்கத்தில் மீன் படம் வரைந்து, ஓரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிஸ்கட் மாதிரி ஒரு தட்டை மீன் வரும். "மேலேருந்து பாத்தா மீன் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் வகுப்பே முழிக்கும். கடற்கரைப் பிள்ளைகளில் சிலர் மட்டும் சட்டென்று சோப்பைத் திருப்புவார்கள். தலைப்பக்கம் பருத்து வாலுக்குப் போகப் போக ஒடுங்குவது அவர்கள் கைக்குத் தெரியும், தினமும் மீனைப் பிடித்துப் பார்த்த கை. மற்ற பிள்ளைகள் மீனைப் புத்தகப் படத்தில் பக்கவாட்டில் பார்த்தவர்கள். முப்பரிமாணப் பாடம் முழுவதும் அந்த ஒரு திருப்பலுக்குள் இருக்கிறது. பொருளைத் திருப்பிப் பார்க்கத் தோன்ற வேண்டும்.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 1959இல் திறந்தது. 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது. அடுத்த முறை இறங்கிச் சுற்றி நடந்து பாருங்கள். நான்கு பேர், ஒரு பாறை. நீங்கள் நகர நகர ஓர் உடம்பு மறைந்து இன்னொன்று வரும். ஒரே படத்தில் அந்தச் சிலையைப் பிடிக்கவே முடியாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, எல்கேஜியிலேயே சொல்லிக்கொடுத்த வேலைதானே. எல்கேஜியில் 'அ' எழுதினோம், தமிழ் எம்.ஏ.விலும் 'அ' எழுதினோம். இரண்டும் ஒன்றா? குழந்தை காகிதத்தை மடித்துக் கப்பல் செய்கிறது. இவள் மடிப்பின் கோணத்தை மாற்றினால் எவ்வளவு எடை தாங்கும், எங்கே கிழியும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் எந்த மடிப்பு மறையும் என்று இருபது முறை செய்து பார்க்கிறாள். பத்தொன்பது முறை கெட்டுப்போவதுதான் படிப்பு. நம் வீட்டில் அந்தப் பத்தொன்பதைக் குப்பை என்கிறோம்.

இரண்டாவது, எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே. வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆட்டோகேட், பிளெண்டர் எல்லாம் அவள் கற்கத்தான் வேண்டும். ஆனால் திரையில் எடை கிடையாது. மூன்று கால் கோணலான நாற்காலி, விழச் சொல்லி நாமாக உத்தரவு கொடுக்காதவரை அந்தரத்தில் நிற்கும். சுவருக்குத் தடிமனே இல்லாமல் வீடு வரையலாம். இரண்டு பலகையை ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவ விடலாம். ஆணியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். நம் கட்டுமரத்தைக் கட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மரங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் பிணைத்தார்கள். அலையில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம். இணைப்பு என்பது முழுத் தொழில்நுட்பம். அதைத் திரை சொல்லித்தராது. 3டி பிரிண்டர் வாங்கியவர்களைக் கேளுங்கள், தாங்கல் இல்லாமல் நீட்டிய பகுதி அச்சாகும்போதே தொங்கிப்போகும். களிமண்ணில் கை நீட்டி, அது உடைந்து விழப் பார்த்தவளுக்கு இது முதல் நாளே தெரியும். உலகின் பெரிய கார் நிறுவனங்கள் இன்றைக்கும் புதுக் காரை முழு அளவில் களிமண்ணில் செய்து தடவிப் பார்க்கின்றன. அது நம் குளத்து மண் இல்லை, அதற்கென்று தயாரிக்கிற மெழுகு கலந்த மண். ஆனால் தடவுகிறது மனிதக் கைதான். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லையா?

மூன்றாவது, வேலை கிடைக்குமா? மாப்பிள்ளை, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தகப்பன் கேட்காமல் வேறு யார் கேட்பது? பதில் இதுதான். ஆறு மாதத்தில் கற்றுத்தரும் மென்பொருளை இன்னொருவரும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வார். அடுத்த பதிப்பு வந்தால் அதுவும் பழையது. வார்த்தையில் சொன்னால் படம் போட்டுத்தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து, "இது நிற்காது, இந்தக் கைப்பிடி பிடிக்க வராது, இதை அச்சிலிருந்து வெளியே எடுக்க முடியாது" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனிச் சம்பளம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் இரண்டாம் கட்டத்திலும், நிஃப்ட் நுழைவுத் தேர்விலும், பொருளைக் கையில் கொடுத்து மாதிரி செய்யச் சொல்கிறார்கள். ஏன் செய்யச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அந்த அகமதாபாத் நிறுவனம் பிறந்த கதையிலும் நமக்குப் பாடம் உண்டு. இந்திய அரசின் அழைப்பில் அமெரிக்காவிலிருந்து வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961இல் நிறுவனம் வந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் அவர்கள் எடுத்துக்காட்டி வியந்தது எதைத் தெரியுமா? நம் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எங்கே நிற்கும், இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படி விழும், கழுவ உள்ளே கை போகுமா, விலை என்ன ஆகும் என்று அதைப் பற்றிக் கேள்விகளை அடுக்கினார்கள். எங்கிருந்தோ வந்தவர்கள் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நம் வீட்டில் அது பரணில் கிடக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் குடம்.

கல்லூரிக்காரர்களையும் விடப்போவதில்லை. சில இடங்களில் இந்தப் பாடத்தைச் சடங்காக நடத்துகிறார்கள் என்று பழைய மாணவர்கள் சொல்லிக் கேட்கிறேன். ஆறு அட்டைக் கனசதுரம், நான்கு கூம்பு, ஓரம் சுத்தமாக இருந்தால் மதிப்பெண். ஏன் செய்கிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. வாசலில் இருக்கும் கடையில் செய்து விற்கிறார்கள், பிள்ளைகள் வாங்கி வைக்கிறார்கள். அப்படி நடந்தால் அது கொள்ளைதான். பெற்றோர் கூட்டம் போட்டு விடுதி விதிகளை ஒரு மணி நேரம் வாசிக்கிறவர்கள், இந்தக் காகிதம் எதற்கு என்று பத்து நிமிடம் சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் நம் குழுவில் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆனால் இதன் வேர் கல்லூரியில் இல்லை, பள்ளியில் இருக்கிறது. பதினேழு வயதில் களிமண்ணைப் பார்த்ததும் எல்கேஜி நினைவு வருகிறதென்றால், நடுவில் பன்னிரண்டு வருடம் யாரும் அந்தப் பிள்ளையின் கையில் எதையும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தரை அழுக்காகிறது என்று மண் வேலையை நிறுத்தச் சொன்னார்கள், "சார்ட் போதும் சார்" என்று உத்தரவு. நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. ஓவிய வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கும் பழக்கம் மாறியதா என்று இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் சொல்லட்டும். செயல்திட்டம் என்றால் அப்பா கடைக்குப் போய்த் தெர்மாகோல் எரிமலை வாங்கி வருகிறார், பிள்ளை பெயர் எழுதி ஒட்டுகிறது, ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார். மூன்று பேருக்கும் எரிமலை எப்படி நிற்கிறதென்று தெரியாது.

நம் காரைக்கால் பிள்ளை கலை படிக்க ஆசைப்பட்டால் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம், கும்பகோணம், மாமல்லபுரம், சென்னை என்று ஊரை விட்டுத்தான் கிளம்புகிறது. அதுவும் பெண் பிள்ளை என்றால் அந்தப் படியைத் தாண்டவே எத்தனை பேச்சு! தாண்டிப் போனவளை, கையில் மண் ஒட்டியிருக்கிறது என்பதற்காகத் திருப்பிக் கூப்பிடாதீர்கள்.

ஆகவே, கேட்டுக்கொள்வது நான்கு.

ஒன்று, மாப்பிள்ளை, பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று தங்கை சொன்னாள். கட்டிவிடுங்கள். விடுமுறைக்கு வரும்போது அவள் செய்ததையெல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள், உடைந்ததையும் சேர்த்து. "ஏன் இப்படி மடிச்சே?" என்று கேளுங்கள். அவளால் சொல்ல முடிந்தால் கல்லூரி சொல்லித்தருகிறது. சொல்ல முடியாவிட்டால் நானே உங்களோடு கல்லூரிக்கு வந்து கேட்கிறேன்.

இரண்டு, குழுவில் சிரித்தவர்கள், மேலே சொன்ன டம்ளர்ச் சோதனையைச் செய்து படம் எடுத்துப் போடுங்கள்.

மூன்று, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் வாரத்தில் ஒரு வகுப்பு மண்ணோ சோப்போ பழைய செய்தித்தாளோ கொடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தரையைக் கழுவிக்கொள்ளலாம்.

நான்கு, பெற்றோர்கள் வருகிற பிள்ளையார் சதுர்த்திக்கு அச்சில் அழுத்திய பிள்ளையாரை வாங்கும்போது, கூடவே ஓர் உருண்டை வெறும் களிமண்ணும் வாங்குங்கள். பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தும்பிக்கை இரண்டு முறை ஒடிந்து விழும். நீங்கள் ஓடிப்போய் ஒட்டிக் கொடுக்காதீர்கள். மூன்றாவது முறை தும்பிக்கையை அதுவே தொப்பை மேல் சாய்த்து வைக்கும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பெரியவர் என்று பார்க்க வேண்டாம்.